மாக்தெல்ட் முறைக்கும் காம்பா

உத்ரெக்ட் நகரில் பேருந்து ஓட்டும் வீட்ஸ்கேவுக்குக் கல்யாணமும் இல்லை, பூனையும் இல்லை. வியாழக்கிழமை மட்டும் இருந்தது. அன்று மாலை நான்கு பெண்கள் கூடி, முழங்கால்களுக்கு நடுவே காம்பா என்ற நரம்பு வாத்தியத்தை இடுக்கிக்கொண்டு, முந்நூறு வருஷத்துப் பழைய இசையை வில்லால் இழைப்பார்கள். வீட்ஸ்கேவிடம் இருந்தது இரவல் காம்பா. உடையவர் திரும்பக் கேட்டுவிட்டார். சொந்தமாக ஒன்று செய்துகொள்ளாவிட்டால் அவள் நாற்காலி வேறொருத்திக்கு.

குழுத் தலைவி மாக்தெல்ட் சுற்றி வளைக்கவில்லை. "அமர்ஸ்ஃபோர்ட்காரர்கிட்ட செய்யச் சொல்லு. கழுத்து நுனியில சிங்கத் தலை செதுக்கித் தருவார், பாக்க லட்சணமா இருக்கும். அந்த ஹெர்லோஃப் பட்டறைப் பக்கம் மட்டும் போனே, என் வீட்டுப் படி ஏறாதே!"

ஹெர்லோஃப் மாக்தெல்டின் முன்னாள் புருஷன்.

வீட்ஸ்கே ஒழுங்காக அமர்ஸ்ஃபோர்ட்தான் போனாள். சிங்கம் அம்சமாக இருந்தது. வில்லைப் போட்டால் அலமாரிக்குள் யாரோ இருமுகிற சத்தம். அட கண்றாவியே என்று வெளியே வந்தவளின் கால், தானாக ஹெர்லோஃபின் பட்டறைக்குத் திரும்பிவிட்டது.

அங்கே ஒரு காம்பாவை எடுத்து ஒரே இழுப்புதான். ஓசை அடிவயிறு வரை இறங்கியது, கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்தால், கழுத்து நுனியில் செதுக்கிய தலை மாக்தெல்ட்! முறைத்துக்கொண்டிருந்தாள். சுவர் நெடுக மாட்டியிருந்தவற்றிலும் அவளேதான். அதே உதட்டுச் சுழிப்பு, முகவாயில் அதே மரு.

"தலை மட்டும் வேற வெக்கலாமே? ஆடு, மாடு எதாவது?"

"வேற முகம் கைக்கு வரமாட்டேங்குதுங்க," என்றார் ஹெர்லோஃப் பரிதாபமாக. "குதிரைகூடச் செதுக்கிப் பாத்தேன். அதுவும் இப்படித்தான் முறைச்சுது."

புத்தி வேண்டாம் என்றது. காது கேட்டால்தானே! ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். இரவல் கொடுத்தவரை கேக் கொடுத்தும் கெஞ்சியும் தாக்காட்டி, அடுத்த வருஷம் காம்பா கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதன் தலைக்குக் கம்பளித் தொப்பி பின்னினாள்.

"அதுக்கு எதுக்குடீ தொப்பி?" என்றாள் மாக்தெல்ட்.

"குளிருதுங்க."

"உனக்கா, அதுக்கா?"

வாசித்தார்கள். பாதியிலேயே மாக்தெல்ட் கண்ணை மூடிக்கொண்டாள். "அமர்ஸ்ஃபோர்ட்காரர் எப்போ இப்படிச் செய்யக் கத்துக்கிட்டார்?" என்றபடி எழுந்து வந்து தொப்பியைப் பிடுங்கினாள்.

வீட்ஸ்கே வில்லைத் தளர்த்தி உறைக்குள் வைக்கத் தொடங்கினாள். போச்சு, வியாழக்கிழமை போயே போச்சு.

மாக்தெல்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"மருவைக் காணோமே?"

"மத்ததுல எல்லாம் இருந்துச்சுங்க. இதுல மறந்துட்டாரு போல."

"மறக்கலைடீ. போன ஈஸ்டருக்குத்தான் டாக்டர்கிட்டப் போய் எடுத்தேன். அந்த ஆளை விட்டு வந்து எட்டு வருஷமாச்சு. அவனுக்கு எப்படித் தெரியும்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது! "நம்ம கச்சேரி ஒண்ணு விடாம வர்றாருங்க," என்றாள் வீட்ஸ்கே. "சர்ச்சுல தூணுக்குப் பின்னாடி உக்காந்து எட்டி எட்டிப் பாப்பாரு."

மாக்தெல்டின் உதடு சுழித்தது, காது சிவந்தது. தொப்பியை எடுத்து அந்த மரத்தலைக்கு, காது மூட, பதமாக மாட்டிவிட்டாள்.

"வில்லை எதுக்குடீ உள்ளே வெச்சே? எடு, முதல்லேருந்து வாசிக்கலாம்," என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த கச்சேரிக்குத் தூண் இல்லாத இடமாப் பாருங்க."