தாலிப் பெட்டியும் ஒரு சம்மனும்

அண்ணன் மகளின் தாலியை நான்தான் கோயிலுக்குக் கொண்டுபோகவேண்டும். வீட்டைப் பூட்டும்போது பெட்டியைக் காரின் கூரைமேல் வைத்தவள், அப்படியே மறந்து கிளம்பிவிட்டேன். புக்கிட் பெலிம்பிங் அருகே, அவசரத்தில் சாலையின் இரட்டை வெள்ளைக்கோட்டைத் தாண்டி, செம்பனைக் குலைகள் ஏற்றிய ஒரு லோரியை முந்தினேன். சற்று நேரத்தில் ஒரு கார் விளக்கடித்தபடி துரத்தியது. கேமராவில் பிடித்துப் போலீஸுக்கு அனுப்பும் ஆசாமி என்று பயந்து, இன்னும் வேகமாக ஓட்டினேன்.

கோயில் வாசலில் அவரும் வந்து இறங்கினார்.

"எத்தன தடவ லைட்டு அடிக்கிறது? நீங்க லோரிய வெட்டி முந்துனப்ப இது கூரையிலேர்ந்து பறந்துச்சு லா! என் கார் கேமராவுல எல்லாம் இருக்கு!" என்று தாலிப் பெட்டியை நீட்டினார்.

முகூர்த்தம் தவறவில்லை. பந்தியில் அவருக்கு நானே பாயசம் ஊற்றினேன்.

"அண்ணே, தப்பு தப்புதான். நான் கோட்டத் தாண்டுன அந்த வீடியோவ போலீஸுக்கு அனுப்பிடுங்க."

"அனுப்பாம விடுவேனா?" என்று சிரித்தார்.

பிறகு வந்த அபராதச் சம்மனைக் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.