மழை வருமா என்று கேட்கக் கூடாது

எங்கள் வட்டார அறிவியல் வாட்ஸ்அப் குழுவில் நான் மேகத்தைப் பற்றி எழுதினால், ஐந்தே நிமிடத்தில் அதன் தலையில் நாலு கருந்துளைப் பதிவு வந்து விழும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இயற்பியல் வாத்தியாராக இருப்பவனுக்கு ரோஷம் இருக்காதா? வளிமண்டல இயற்பியலுக்குத் தனிக் குழு வேண்டும் என்று அட்மினிடம் சண்டைக்குப் போனேன்.

"அதைத்தான் டிவியிலயே சொல்லுதாகளே சார்," என்றார். பிறகு இரங்கி, ஒரு மாதம் விடுகிறேன், வானிலை அறிக்கையாக மாறினால் மூடிவிடுவேன் என்றார்.

மூடவிடுவேனா? முதல் விதியைக் கொட்டை எழுத்தில் போட்டேன்: 'மழை வருமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதிவு அழிக்கப்படும்.'

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணியை வெளுத்து வெயிலில் காயப்போடும் அண்ணாச்சி ஒருவரும் சேர்ந்திருந்தார். தினமும் வானத்தைப் படம் பிடித்துப் போட்டு, "சார், வருமா?" என்பார். நானும் தினமும் அழிப்பேன். மனுஷன் சளைக்கவே இல்லை.

ஒரு மதியம் மேற்கே மலை உச்சியில் மேகம் கவிந்திருந்தது. காற்று அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடும், அதனால் அந்த மேகம் இங்கே வராது என்று படம் வரைந்து விளக்கினேன். அடியிலேயே அண்ணாச்சியின் படம் வந்தது. "வருமா?" பார்க்காமலே அழித்தேன்.

நாலு மணிக்குக் கொட்டியது பாருங்கள், அப்படி ஒரு மழை!

பதறிப்போய் அவருக்கு போன் போட்டேன்.

"ஒரு லோடு துணி சார். அம்புட்டும் சேத்துல கெடக்கு, மறுபடி வெளுக்கணும்," என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் குத்தியது. "நீங்க எழுதுனது சரிதான். மலை மேகம் மலையிலயேதான் இருக்கு. இது கெழக்க இருந்துல்லா வந்துச்சு. அதைத்தான் படம் எடுத்துப் போட்டேன். நீங்க அழிக்கவும், சரி, பயமில்ல போலன்னு துணிய எடுக்காம விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வானத்தைப் பார்த்து எழுதிய ஒரே ஆள் அவர்தான். அன்றே அவரையும் அட்மின் ஆக்கினேன்.

மறுவாரம் பள்ளிக்கு மனைவி போன் செய்தாள். மாடியில் மிளகாய் காய்கிறது, கிழக்கே கறுக்கிறது, அள்ளவா வேண்டாமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூச்சத்தை விட்டுக் குழுவில் கேட்டேன்: "அண்ணாச்சி, மாடியில மிளகா கெடக்கு. மழை வருமா?"

செத்த நேரத்தில் என் பதிவைக் காணோம். அழித்துவிட்டார்.

பிறகு எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "விதி விதிதான சார். மிளகாய அள்ளச் சொல்லுங்க."