தோற்றவர் வாயால் சொல்ல வேண்டும்

எங்கே சண்டை நடந்தாலும் இசக்கிசெல்வி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிடுவாள். விலக்கிவிடுவதற்காக அல்ல. ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவாள், பைக்குள்ளிருந்து பேனாவை எடுப்பாள், மதில் நிழலாகப் பார்த்து ஒதுங்கி நிற்பாள். மார்க்கெட்டில் நெத்திலிக்காரியும் அவளிடம் பேரம் பேச வந்தவரும், துறைமுகச் சாலையில் இரண்டு டிரெய்லர் டிரைவர்கள், காயல்பட்டினத்துச் சந்துக்குள் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்ட இரண்டு பைக்குகள், எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். வசவுகளை அவள் எழுதுவதில்லை. "ஏச்சு எல்லாருக்கும் தெரியும். எந்தச் சொல்லுக்கு எறங்கி வாரான்னுதான் பாக்கணும்" என்பாள். குரல் ஒரு படி இறங்கும் நொடிக்காகக் காத்திருந்து, அதற்கு முந்தைய வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விடுவாள். ஒருமுறை சண்டைக்காரர்களில் ஒருவர், "யம்மா, நீங்க பேப்பர்ல இருந்து வாரீகளா?" என்று கேட்க, மற்றவர் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டாராம்.

வயது முப்பத்தெட்டு. கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினான்கு வருடமாக வேலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து, துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில். காகிதத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இசக்கிசெல்விக்குப் பேச்சுதான் வேலை. கப்பல் கம்பெனியிடம் பேசுவாள், லாரிக்காரரிடம் பேசுவாள், என் மரக்கட்டை எங்கே என்று கோவில்பட்டியிலிருந்து கத்துகிற வியாபாரியிடம் பேசுவாள். மலேசியாவிலிருந்து வந்த ஒரு கப்பல் உள்ளே வரமாட்டேன் என்று இரண்டு நாள் வெளியே நின்றதாகவும், இவள் போனில் பேசிய பிறகுதான் கரைப் பக்கம் முகத்தைத் திருப்பியதாகவும் அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. காற்று மாறியதுதான் காரணம் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சீட்டாட்டம் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு மதிய இடைவேளையில். ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன் என்று இருந்தபோது ஒரு விளையாட்டு அகப்பட்டது. வெளிநாட்டில் யாரோ நாலைந்து பேர் சொந்தமாகச் செய்து வெளியிட்டது. சீட்டு விளையாட்டுதான், ஆனால் வாள் கிடையாது, மந்திரவாதி கிடையாது, எதிராளியைப் பேசிப் பேசியே மசியவைக்க வேண்டும். ஒரு வாரம் சோறு ஆறிப்போக விளையாடினாள். எட்டாம் நாள் கசந்துவிட்டது. தோற்ற எதிராளி ஒரு வார்த்தை சொல்லாமல் திரையிலிருந்து மறைந்துவிடுகிறான்.

"ஒத்துக்கிட்டுப் போனானா, ஒளிஞ்சுக்கிட்டானா? கத்திச் சண்டையில செத்தவன் பேச மாட்டான், நியாயம். இவன் உசிரோடதான இருக்கான்? ஒரு சொல்லு சொல்லிட்டுப் போவாண்டாமா?" என்று பக்கத்து மேசை ரேச்சலிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ரேச்சல் கீழவைப்பார்க்காரி. பொரித்த கருவாட்டை ஒரு கடி கடித்துக்கொண்டே, "அப்பம் நீயே ஒண்ணு செய்யிளா" என்றாள். கை கழுவுவதற்குள் இசக்கிசெல்வி தொடங்கிவிட்டாள்.

வீட்டில் பரண் நிறையப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கிடந்தன. அவற்றைச் சீட்டளவுக்கு வெட்டி, வெறும் பக்கத்தில் எழுதினாள். அதனால் பாதிச் சீட்டுகளின் முதுகில் பிள்ளையார் இருக்கிறார், மீதியில் "சுற்றமும் நட்பும் சூழ" இருக்கிறது. இதில் ஒரு சங்கடம். கணவர் சிவனாண்டிக்கு எந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் எந்தச் சீட்டு என்பது மனப்பாடமாகிவிட்டது. "ஏரல் கல்யாணத்தக் கையில வச்சிருக்கா, இப்பம் கெஞ்சப் போறா" என்று முன்கூட்டியே சொல்லி ஆட்டத்தைக் கெடுப்பார்.

ஆட்டத்தின் பெயர் 'சரிதான்'. இருவர் ஆடுவது. ஒருவர் பிடிவாதக்காரர்: வண்டியைப் பின்னால் எடுக்காத டிரைவர், லீவு தராத உப்பள மேஸ்திரி, மைக்கை விடாத கல்யாண வீட்டுத் தாய்மாமன். அவருடைய மனதில் உள்ள பயம் என்ன என்று எழுதிய சீட்டு ஒன்று பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும். மற்றவர் கையில் பேச்சுச் சீட்டுகள்: நியாயம், கெஞ்சல், உறவு, கேலி, மௌனம். சீட்டைப் போட்டால் மட்டும் போதாது, அதற்குத் தக்கபடி பேசவும் வேண்டும். பிடிவாதக்காரர் முன்னால் கடற்கரையில் பொறுக்கிய பத்துச் சிப்பி. பேச்சைக் கேட்டுச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் தலையாட்டினால் ஒரு சிப்பி போகும். பயத்தையே தொட்டுவிட்டால் மிச்சமெல்லாம் போகும். விதித்தாளின் கடைசி வரிக்கு மட்டும் சிவப்பு மையில் இரண்டு அடிக்கோடு: 'சிப்பி தீர்ந்தவர், எதிராளியின் கண்ணைப் பார்த்து, வாயால் சரிதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் ஆட்டம் முடியும்.'

கண்ணைப் பார்த்து என்பதை அவள் சும்மா எழுதவில்லை. பதினான்கு வருடம் போனில் "ஓகே மேடம்" கேட்டவள். ஓகே என்றவர்களின் சரக்குப் பெட்டிகள் துறைமுகத்தில் அதே இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தவள். "மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தான் அது சொல்லு. மத்ததெல்லாம் சத்தம்" என்பது அவள் கட்சி.

ஆட்டம் எல்லாருக்கும் பிடித்தது. முடியத்தான் மாட்டேனென்றது. பத்துச் சிப்பியும் போன பிறகு சிவனாண்டி, "நீ சொல்லுததுலயும் ஒரு பாயிண்ட் இருக்கத்தான் செய்யுது" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அலுவலக மேனேஜர் மகாராஜன் அண்ணாச்சி, "யோசிச்சுத் திங்கக்கெழம சொல்லுதேன்" என்றார். எத்தனையோ திங்கட்கிழமை வந்து போய்விட்டது. ரேச்சலின் அண்ணன்மார் இருவர், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று ஆட உட்கார்ந்தார்கள். அறுபத்தோரு நாள் கழித்துப் படகு இறங்கியபோதும் ஆட்டம் முடியவில்லை, ஒரு கையில் சீட்டும் மறு கையில் வலையுமாகத்தான் கடலுக்குப் போனார்கள் என்று ரேச்சல் சொல்கிறாள். ரேச்சல் சொல்வதில் பாதியைத் தள்ளினாலும் ஒரு மாதம் மிஞ்சும்.

இந்த லட்சணத்தில்தான் பிரத்யும்னன் வந்து சேர்ந்தார். சென்னையில் இரண்டே பேர் சேர்ந்து நடத்துகிற சீட்டு விளையாட்டுக் கம்பெனியில் ஒருவர். பூர்வீகம் ஆழ்வார்திருநகரி. இசக்கிசெல்வி அனுப்பிய மாதிரிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு மூன்று முறை கடிதம் போட்டார். மூன்றிலும் ஒரே செய்தி: எல்லாம் பிடித்திருக்கிறது, அச்சுக்குத் தயார், கடைசி விதியை மட்டும் எடுத்துவிடுங்கள். சிப்பி தீர்ந்தால் வெற்றி. முடியாத ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு யாரிடம் கொடுப்பது?

இசக்கிசெல்வி ஒரு வாரம் சண்டைகளைக்கூட நின்று பார்க்கவில்லை. "அத எடுத்துட்டா எண்ணிக்கதான மிச்சம்? அதுக்குத் தாயம் ஆடிட்டுப் போலாம்லா" என்றாள் கணவரிடம். பிறகு பிரத்யும்னனிடம் போனில் பேசினாள். பேச்சு அவளுடைய தொழில் அல்லவா. அவர் தம் ஊருக்குப் பெருமாளைச் சேவிக்க வரும் ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஓர் ஆட்டம். விதிப்படி முடிந்தால் விதி இருக்கும். முடியாவிட்டால் அவளே கையெழுத்துப் போட்டு எடுத்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, வலைக்கயிறும் மிதவையும் தார்ப்பாயும் விற்கிற சிவனாண்டியின் கடை ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே மேசை போட்டார்கள். தலையாட்டுவதற்கு ரேச்சலும் சிவனாண்டியும் கயிற்றுச் சுருள்கள் மேல் உட்கார்ந்தார்கள். வந்தவரைப் பிடிவாதக்காரராக உட்காரவைத்து, பேசி மசியவைத்து, அவர் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம் என்பது இசக்கிசெல்வியின் கணக்கு. சீட்டு வேறு மாதிரி விழுந்தது. மீன்கூடையை ஏற்றாத பஸ் கண்டக்டர் இவள். கூடையோடு ஏறியே ஆகவேண்டிய வியாபாரி அவர்.

பிரத்யும்னன் சீட்டைப் படித்துவிட்டுக் கூச்சத்துடன் சிரித்தார். "எங்க ஆத்துல மீன் கிடையாது மேடம்."

"விக்கத்தான சொல்லுதோம், திங்கவா சொன்னோம்" என்றாள் ரேச்சல்.

அவர் கெஞ்சல் சீட்டைப் போட்டு, "கண்டக்டர் சார், தயவுசெய்து..." என்று ஆரம்பித்தார்.

"கூடை ஏறணுமா, நீ ஏறணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, விசில் அடிக்கணும்" என்றாள் இசக்கிசெல்வி. கண்டக்டராகிவிட்டால் அவளுக்குக் குரலே மாறிவிடும்.

நியாயத்தில் இரண்டு சிப்பி போயிற்று. உறவில் ஒன்று. "எங்க அப்பாவும் இதே வண்டியிலதான் ஏறினார்" என்று அவர் சொன்னதற்குச் சிவனாண்டி தன்னை மறந்து தலையாட்டிவிட்டார். மனைவி பார்த்த பார்வையில் உடனே கழுத்தைத் தடவிக்கொண்டார். கேலிக்கு ஒன்றும் போகவில்லை. ஏழு சிப்பி மிச்சம். பிரத்யும்னன் மௌனத்தைப் போட்டார். போட்டுவிட்டு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்டக்டர் அண்ணாச்சி" என்றார் பிறகு, மெதுவாக. "மீன் உங்களை ஒண்ணும் பண்ணலை. பின்னாடி உக்காந்திருக்கறவா உங்களை ஏசுவாங்கன்னுதானே பயப்படறீங்க? ஏசினா என்னைக் கை காட்டுங்க. நான் வாங்கிக்கறேன். தினமும் நான்தானே வரப்போறேன்."

ரேச்சல் கவிழ்ந்து கிடந்த சீட்டைத் திருப்பினாள். 'பயணிகள் ஏசுவார்கள்' என்று இசக்கிசெல்வியின் கையெழுத்திலேயே இருந்தது. சிப்பி தீர்ந்தது.

இசக்கிசெல்வி வாயைத் திறந்தாள். "நீங்க சொல்லுததுலயும் ஒரு..."

"ஏளா, அது என் வசனம்" என்றார் சிவனாண்டி.

"கண்ணப் பாத்துச் சொல்லணும்லா, செல்வி" என்றாள் ரேச்சல்.

பார்த்தாள். பிரத்யும்னனின் கண்ணில் கேலியோ வெற்றியோ இல்லை, பாவம், காத்திருந்தார். அவர் சொன்னது நியாயம் என்பதில் இசக்கிசெல்விக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நிஜக் கண்டக்டராக இருந்தால் இந்நேரம் கூடைக்குக் கைகொடுத்துத் தூக்கியிருப்பாள். இந்த ஒரு சொல் வந்தால் அவள் விதி பிழைக்கும், வராவிட்டால் போய்விடும். அதுவும் தெரியும். ஆனாலும் சொல் தொண்டைவரை வந்து, எதிரே இரண்டு கண்களைக் கண்டதும் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. கப்பலையே திருப்பியவள் நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது. சிப்பிகளை ஒதுக்குகிற சாக்கில் கையை நீட்டினாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தாள்.

மேசைக்கு அடியிலிருந்து, தெளிவாக, "சரிதான்" என்று கேட்டது.

"இது சேருமா?" என்றார் பிரத்யும்னன்.

"சேராது" என்றார் சிவனாண்டி.

"சேரும்" என்றாள் ரேச்சல்.

இசக்கிசெல்வி சிப்பியோடு நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. விதித்தாளை இழுத்து, சிவப்புப் பேனாவால் 'எதிராளியின் கண்ணைப் பார்த்து' என்ற சொற்களை மட்டும் அடித்தாள். 'வாயால்' என்பதைத் தொடவில்லை.

"மகாராஜன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லியிருப்பாரு, ஏளா" என்றாள் ரேச்சலிடம். "உங்க அண்ணன்மாரும் சொல்லியிருப்பாங்க. நாந்தான் மூஞ்சிய விடாமப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லிட்டேன்." பிறகு தாளை எதிர்ப்பக்கம் தள்ளினாள். "சார், இப்பம் சேரும்."

பிரத்யும்னன் தாளைப் படித்தார். "என்கிட்ட ஒருத்தர் இந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சிண்டிருக்கேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முழுதாக வரவில்லை. பையைத் திறந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். ஏழாவது வரியில் அவருடைய நிபந்தனை இருந்தது: கடைசி விதி நீக்கப்படும். பேனா மூடியைக் கழற்றி, அந்த வரியை அடிக்க முனையை வைத்தார். மூன்று கடிதம் எழுதிய மனிதர். காது மடல் வரை சிவந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ சொல்லத் தலையை நிமிர்த்தினார்.

இசக்கிசெல்வி அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கிய கயிறுகளை ஒவ்வொன்றாக, வாங்க வந்தவளைப்போலப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.