இரண்டாவது டிவிசனுக்கு வந்த பொதுச் சைக்கிள்

எண்பதுகளின் நடுவில், எங்கள் எஸ்டேட் நலக்குழுவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்து பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் ஆபீசில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், காரியம் முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். நல்ல திட்டம்தான். வந்த எட்டுச் சைக்கிள்களும் பெரிய டிவிசனில் இறங்கின. அங்கே தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கும் லாபு ரோட்டுக்கும் நடுவே ஒரு பந்துத் திடல் மட்டுமே இருந்தது. வெற்றிலை வாங்க நடந்து போனவர்கள் இப்போது சைக்கிளில் போய், முன்னைவிடத் தாமதமாகத் திரும்பினார்கள்.

நாங்கள் இரண்டாவது டிவிசன். ரோட்டிலிருந்து ரப்பர் மரங்களுக்குள் நான்கு மைல் செம்மண் பாதை. எங்களையும் யாரும் தடுக்கவில்லை. நான்கு மைல் நடந்து ஆபீசுக்குப் போய்ப் பெயர் எழுதினால் போதும், சைக்கிள் கிடைத்துவிடும்.

அப்பா எங்கள் டிவிசனில் பால்மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர். மாதம் ஒருமுறை ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியிடம் போய், எங்களுக்கு எப்போது என்று கேட்பார்.

"நந்தி லா மண்டோரே, நந்தி" என்பார் கிராணி.

மலாயில் அதற்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்று பொருள். எங்கள் லயத்தில் அதைக் கோயில் நந்தியாக்கிவிட்டார்கள். "சரியாத்தான் சொல்லியிருக்காரு. உக்காந்த நந்தி என்னைக்கு எந்திரிச்சிச்சு?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார்.

முதலில், சைக்கிள் நிறுத்தக் கொட்டகை இல்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் கூடித் தகரக் கொட்டகை போட்டார்கள். பிறகு நிரப்பித் தரச் சொல்லி ஒரு பாரம் வந்தது. உங்கள் டிவிசனில் பொதுச் சைக்கிளைத் தற்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? அப்பாவுக்குப் பொய் வராது. ஒருவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அப்படியானால் அங்கே தேவை இருக்கிறதா என்று யோசிக்க நலக்குழு மேலும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நீலாய்ப் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பேக்டரி வேன் காலை ஏழேகாலுக்கு ரோட்டு முனைக்கு வரும். நடந்து போவதென்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பாதை நெடுக காட்டுப்பன்றி என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். லயத்தில் இருந்த சொந்தச் சைக்கிள்கள் எல்லாம் அந்நேரம் வெட்டுக்குப் போயிருக்கும். பொதுச் சைக்கிள் ஒன்று இருந்தால் பொழுது வெளுத்த பிறகு கிளம்பலாம். எனக்கு வேலை என்பதே அந்தச் சைக்கிள்தான்.

ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, அதிசயமாக லாரியில் சைக்கிள் வந்தது. ஒன்றே ஒன்று. ஒரு மாதம் சோதனையாம். ஓட்டம் இருந்தால் இன்னும் ஐந்து வருமாம்.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்குவதற்காக இரண்டடி உருட்டினார்கள். எங்கள் டிவிசனில் அது ஓடிய மொத்தத் தூரம் அவ்வளவுதான். "மீதி அஞ்சும் வர்ற வரைக்கும் இதுல ஒரு கீறல் விழக்கூடாது. அழுக்காக்கிட்டா அப்புறம் எவன் கொடுப்பான்?" என்றார் கோயில் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும்தான் ஆட்டினேன். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அப்பாவிடம் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "அப்பா, ஒன்னாந்தேதியிலேருந்து சைக்கிள் எனக்கு வேணும்."

"மொதல்ல மண்டோர் மக ஏறுனா லயத்துல என்னா பேசுவாங்க?"

"வேற யாரும் கேக்கலையேப்பா."

"கேக்கட்டும்மா. வேற யாராச்சும் ஒருத்தர் எடுக்கட்டும், அடுத்தது நீ எடு."

கீறல் விழுந்தால் பழி வருமே என்று ஒருவரும் கேட்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அப்பா ஊர் வாய் திறப்பதற்கு முன்பே அதற்குப் பயந்தார். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை, பூசாரி என் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்தார். ஒன்றாம் தேதி வந்தது, போனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவருடைய நேர்மையைத்தான் அப்போது அடியோடு வெறுத்தேன்.

சோதனை மாதம் முடிந்ததும் சின்னக் கிராணி மோட்டாரில் வந்தார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. டயரைத் தடவிப் பார்த்தார்.

"மண்டோரே, யாரும் தொட்டதாவே தெரியலையே."

"பத்திரமா வச்சிருந்தோங்க" என்றார் அப்பா, பாராட்டை எதிர்பார்த்து.

தேவையில்லை என்று எழுதிக்கொண்டு கிராணி கிளம்பினார். லாரி அனுப்ப முடியாது, நீங்களே கொண்டுவந்து ஆபீசில் விட்டுவிடுங்கள் என்று போகிற போக்கில் சொன்னார்.

மறுநாள் வெட்டு முடிந்த மதியம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். ஆபீசுக்குப் பக்கத்துக் கடையில் போன் இருந்தது. பேக்டரியில் இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாமென்று. இரண்டு மைல் நடந்தோம். அப்பா நின்று முன்னும் பின்னும் பார்த்தார்.

"யாரும் பாக்கல, ஏறிக்கம்மா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வேணாம்ப்பா" என்றேன். மீதி இரண்டு மைலும் அவர் தள்ளிக்கொண்டே வந்தார்.

சைக்கிளை ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனோம். போனில் ஒரு பெண் நல்லவிதமாகவே பேசினாள். என் இடத்துக்குப் போன வாரமே ஆள் போட்டாகிவிட்டது. நான் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். கடையில் பெரிய டிவிசன் ஆட்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி, "நாந்தாம்மா தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.