கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பள்ளி மணி

பிள்ளைகளின் வரவு குறைந்தால் பெற்றோரைத் திட்டும் பழக்கம் இப்போதைய இளம் ஆசிரியர்களிடம் இருக்கிறது. நானும் நிறையத் திட்டியவன்தான். எங்கே நிறுத்தினேன் என்பதைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் இலங்கை மலைநாட்டில் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஒரே அறை, ஐந்து வகுப்பு, நான் ஒருவன். பக்கத்தில் கொழுந்து மடுவம், அதாவது பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கும் கொட்டகை. மேற்பிரிவுப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டித்தான் வரவேண்டும். பாலம் என்று பேர். குறுக்கே போட்ட இரண்டு மரங்கள், அவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. அப்பா அம்மா விடியும்போதே வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து மலைக்கு ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கிளம்பி வருவார்கள்.

மழைக் காலம்

ஆனி மாத மழையில் ஒரு காலை, மூன்றாம் வகுப்புச் செல்வி நனைந்த பாவாடையோடு வகுப்புக்குள் ஓடிவந்தாள்.

"ஐயா, தம்பிய ஆறு கொண்டுபோயிருச்சு."

தம்பி சுப்பையா பள்ளிக்கு வரத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். கை வழுக்கிவிட்டது. ஃபாக்டரி ஆட்கள் ஆற்று வளைவில் இறங்கித் தேடி எடுத்தார்கள். உயிர் இல்லை.

மறுநாளிலிருந்து மேற்பிரிவுப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. வாரங்கள் போயின. பெரிய பெண்கள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்திலேயே இருந்துவிட்டார்கள். மேற்பிரிவில் வேலை வாங்கிக் கொழுந்துக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னார்.

"விடுங்க ஐயா. நாளைக்குக் கொழுந்து எடுக்கத்தானே போகுதுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் யார் மேல் அதைக் காட்டுவது?

பேச்சாயி சொன்னது

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். சுப்பையாவின் அம்மா பேச்சாயி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். உட்காரச் சாக்கு விரித்தார். செல்வி உள்ளே நின்று என்னையே பார்த்தாள்.

"செல்விய மட்டும் கேக்காதீங்க ஐயா. இவளையும் ஆத்துக்குக் குடுக்க என்னால ஏலாது."

அவர் கொடுத்த தேநீரைக் குடித்தேன். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு அதே பாலத்துலதான் ஐயா நானும் வந்தேன். எம் புள்ள போன எடத்தத் தாண்டி நடந்திருக்கேன். மடுவத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நிறுவை முடியட்டும்னு வாய மூடிக்கிட்டு இருந்தாங்க. எங் கொழுந்த நிறுத்துட்டுத்தான் எங்கிட்ட சொன்னாங்க."

அந்தச் சொல்லோடு இறங்கி வந்தேன். வழியில் அதே பாலத்தில் நின்றேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. மேற்பிரிவுப் பெண்கள் காலை நிறுவைக்கும் பகல் நிறுவைக்கும் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் மடுவத்துக்கு வருகிறார்கள். கூடைக் கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் தொங்கும். இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். எட்டு மணிக்கு மணியடித்து, அந்தக் கைகள் மலையில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளைத் தனியே ஆற்றில் இறக்கியது பள்ளிக்கூடத்தின் நேரம். காலை நிறுவைக்குப் பள்ளியைத் தொடங்கி, பகல் நிறுவைக்கு விட்டால் என்ன? வரும் வழியில் லயத்தில் காத்திருக்கும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வரலாம். திரும்பும்போதும் அப்படியே.

கணக்கப்பிள்ளை ஒப்பவில்லை. "புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஆடி அசைஞ்சு வந்தா நிறுவைக்கு நேரமாகும் ஐயா. தொர என்னயத்தான் ஏசுவாரு."

நேரே தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்குப் போனேன். துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "கொழுந்து லேட் ஆனா யாரு பதில் சொல்றது? நீயா?"

"அந்தப் புள்ள போன அன்னிக்கும் கொழுந்து லேட் ஆகலைங்க துரை" என்றேன்.

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"சரி. செஞ்சு பாரு."

பாலத்துக்குக் கம்பி கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அது வர வருஷங்கள் ஆயின.

முதல் நாள்

அன்றும் மழை. கம்பளி போர்த்திய பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். முதுகில் கூடை, கையில் பிள்ளை. பிள்ளை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்திருந்தார்கள். கடைசியாகப் பேச்சாயி, செல்வியோடு.

பள்ளி வாசல்வரை வந்தார். கையை விடவில்லை. மடுவத்திலிருந்து கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார்: "பேச்சாயி, நிறுவை முடியப்போவுது!" பேச்சாயி திரும்பிப் பார்க்கவே இல்லை.

செல்விதான் கேட்டாள். "பகலைக்கு வந்துருவதானேம்மா?"

"வந்துருவேன்டி."

அதற்குப் பிறகு நான் பல தோட்டங்களில் வேலை பார்த்தேன். எங்கே போனாலும், மணியடிக்கும் நேரத்தை முடிவு செய்யுமுன் தாய்மார் எப்போது மலையிலிருந்து இறங்குகிறார்கள் என்று கேட்டேன். வரவைக் கூட்ட எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அந்த முதல் நாள் நான் மடுவத்துக்குப் போய்க் கணக்கப்பிள்ளையிடம், "இன்னைக்கு நிறுவை கொஞ்சம் நிக்கட்டும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற பேச்சாயியைப் பார்த்தார். தராசைக் கையால் பிடித்து நிறுத்தினார். பேச்சாயி மகளின் கையை விட்டுவிட்டு வரும்வரை அப்படியே பிடித்திருந்தார்.