பருமன் நாற்பத்திரண்டு

சுருட்டை எடுத்ததும் சங்கரி அதைக் காதருகே கொண்டுபோய் இரு விரலால் மெல்ல அழுத்துவாள். சருகுபோல் நொறுங்கினால் காய்ந்துவிட்டது. சத்தமே இல்லாமல் அமுங்கினால் நமுத்துவிட்டது. கொச்சியின் மட்டாஞ்சேரி மழைக்காலத்தில் இரண்டாவதுதான் தொல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரமானி எழுபதைத் தாண்டினால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒன்பது வருடமாகக் கப்பல் பயணிகளுக்கு வெளிநாட்டுச் சுருட்டு விற்கிறாள். ஒருமுறைகூடப் புகைத்ததில்லை. எதிர் மிளகுக் கிடங்கில் சுமை தூக்கும் ராமர் அதை விடுவதாயில்லை.

“இழுத்துப் பாக்காம எப்பிடிடீ குணம் சொல்றே?”

“சேலைக்கடை சேட்டன் உடுத்திப் பாத்தா விக்குறாரு? போயி மூட்டையத் தூக்குங்கண்ணா.”

சென்ற வாரம் காக்கநாட்டு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து நிகில் வந்தான். மறுநாள் அப்பாவின் முதல் திதி. வருடத்துக்கு ஒரே சுருட்டு, ஓணத்தன்று பிடிப்பாராம். அதையே படத்தின் முன் வைக்க வேண்டும். பெயர் தெரியாது. அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கிடைத்த, சுருட்டைச் சுற்றியிருந்த காகித வளையம் மட்டும் இருந்தது, எழுத்து அழிந்திருந்தது.

“இருக்கிறதிலே பெரிசா, கறுப்பா, வில கூடினதாத் தாங்க சேச்சி. அப்பாவுக்கு அதுதான் சேரும்.”

“நில்லு மோனே. தொலி கறுத்தா காட்டம்னு யாரு சொன்னது? மேலே சுத்தின இலை மணத்துக்கும் அழகுக்கும். காட்டம் உள்ளே இருக்கு. வில, நல்ல இலைக்கும் கைவேலைக்கும். பெரிசுன்னா எரியுற நேரம் கூடும், அத்ரதான்.”

வளையத்தைத் தடித்த சுருட்டில் மாட்டினாள்; நுழையவில்லை. அடுத்ததிலும் இல்லை. மெலிந்த ஒன்றில் கச்சிதமாக உட்கார்ந்தது.

“பருமன் நாப்பத்திரண்டு. ஒரு இஞ்சை அறுபத்திநாலாப் பிரிச்சா, அதிலே நாப்பத்திரண்டு.” வளையத்தின் உட்புறக் கறையை வெளிச்சத்தில் பார்த்தாள். “வெளுத்த இலை. என்கிட்ட இந்த அளவிலே வெளுத்ததுக்கு வில கம்மி.”

நிகிலின் முகம் வாடியது. “இதுக்கா வருஷம் பூரா காத்திருந்தாரு?”

“அப்பா பத்த வைக்கிறப்போ பக்கத்திலே இருந்தியா?”

“இல்லே, விரட்டிருவாரு. ஆனா அதுக்கு முந்தி ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வச்சிருப்பாரு. என்னைத் தூக்கினா மணக்கும்.”

“அப்போ ஜோலி எளுப்பம். பத்த வைக்காத மணம்தானே உனக்குத் தெரியும். இந்த அளவிலே மூணு சாதி இருக்கு. வில கேக்காதே, மோந்து பாரு.”

முதலாவதை முகர்ந்து இல்லை என்று தலையை ஆட்டினான். இரண்டாவதை அவன் திருப்பித் தரவில்லை. சங்கரி மூன்றாவதை எடுக்காமலே பெட்டியை மூடினாள்.