அக்காவுக்கும் தம்பிக்கும் ஐந்து மாதம்

நான் பயந்த சுபாவம். சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. காட்டில் கரடியின் கால் தடத்தைப் பார்த்தால் சத்தம் போடாமல் வேறு வழியில் போய்விடத் தெரியும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மேலதிகாரியின் ஜீப் சத்தம் மலைப்பாதையில் கேட்டால் இன்றைக்கும் பதிவேட்டைத் தலைகீழாகப் பிடிப்பேன். அப்படிப்பட்ட நான் போன ஆவணி மாதம் தனியாக மலேசியாவுக்குப் போனேன். தம்பிக்குக் கல்யாணம்.

தம்பி அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நாலு தலைமுறைக்கு முன்பு அங்கே போய்த் தங்கிவிட்ட ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை விரும்பினான். அந்தப் பெண்ணோடு நான் வீடியோவில் பேசியிருந்தேன். நல்ல பெண், என்னைவிடத் தைரியசாலி. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. என் கணவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, சித்தப்பா வீட்டில் யாருக்கும் கிடையாது. எனக்கு மட்டும் தம்பியே வற்புறுத்தி ஒரு வருடத்துக்கு முன்பே எடுக்க வைத்திருந்தான். ஆக, மாப்பிள்ளை வீடு என்றால் அது நான் ஒருத்திதான்.

"பயமா கீதுடா. நீ அங்கயே முடிச்சிக்கினு அவள இங்க கூட்டிக்கினு வாயேன்," என்று போனில் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாக்கா பேசற? மொத முடிச்சு நான் போடுவேன். மிச்சம் ரெண்டு முடிச்ச நாத்தனார்தான போடணும். அதுக்கு யாரயாவது வாடகைக்கா புடிக்கிறது?" என்றான். பிறகு குரல் இறங்கி, "நீ வர்லன்னா என் பக்கத்துல நிக்க ஆளே கெடையாதுக்கா," என்றான். அதற்குப் பிறகு வரமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

டிக்கெட் எடுக்க வாணியம்பாடிக்குப் போனேன். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சும்மா இருக்காமல், இறங்கிய இடத்திலேயே கேள்வி கேட்டு அதே விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையை வரிசையாகச் சொன்னார். பதில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அவ்வளவுதான், உள்ளேயே விடமாட்டார்கள் என்றார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "நீ ஒண்ணும் தங்கம் கடத்தலயே, உள்ளத சொல்லிட்டு போ," என்றார் கணவர். உள்ளதைச் சொல்வது அவ்வளவு சுலபம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

காலையில் சென்னையில் விமானம் ஏறினேன். தம்பி அனுப்பிய அழைப்புக் கடிதம், அவன் பாஸ்போர்ட்டின் நகல், கல்யாணப் பத்திரிகை, திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் ஒரு ஃபைலில் மடிமேல் இருந்தன. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிவிட்டார். பயத்தை மறக்க எதையாவது படிக்கலாமே என்று அவன் பாஸ்போர்ட் நகலையும் என் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நான் பிறந்தது ஜனவரி. அவன் பிறந்தது அதே ஆண்டு ஜூன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊருக்கே தெரியும். நான் அவனைவிட நாலு வருடம் மூத்தவள். காவலூர் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் மலையில் நாலு மைல் தள்ளி இருந்தது. அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று என்னைப் பள்ளியில் சேர்க்கவில்லை. அவனுக்கு ஐந்து வயதானபோது அவனைச் சேர்க்கப் போனார்கள். என்னை விட்டு இருக்கமாட்டேன் என்று அவன் தரையில் புரண்டு அழுதான். சரி, அக்காவையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் ஹெட்மாஸ்டர். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது என்றுதான் எழுத வேண்டும். எங்கள் இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சாமை அறுப்புக்கு முன்னால் பிறந்தவள், புளி உலுக்கும் காலத்தில் பிறந்தவன் என்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த தேதி. ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து எனக்கு ஜனவரி, அவனுக்கு ஜூன் என்று எழுதிவிட்டார். என்னைப் பெரியவளாக ஆக்க ஐந்து மாதம் கொடுத்தாரே, அதுவரைக்கும் அவருக்குப் புண்ணியம்.

மலையில் இப்படிப் பாதிப் பேர் இருக்கிறோம். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே பிறந்தநாள் என்றுகூட உண்டு. அதே தேதிதான் டிசியில் ஏறியது, ஆதாரில் ஏறியது, கடைசியில் பாஸ்போர்ட்டிலும் ஏறியது. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒரு தாய்க்கு ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை எப்படி என்று யாரும் கேட்டதில்லை. நான்தான் முதன்முதலில் பார்த்தேன், அதுவும் நடுக்கடலுக்கு மேலே.

மிச்ச வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அங்கன்வாடியில் குழந்தைகளின் பிறந்த தேதியை எழுதுகிறவள் நான். தேதி தப்பு என்று சொன்னால் பாஸ்போர்ட்டே பொய் என்று ஆகிவிடாதா? பொய்ப் பாஸ்போர்ட்டில் வந்தவளை யார் உள்ளே விடுவார்கள்? யோசித்து யோசித்து, இறங்குவதற்கு முன்னால் ஒரு பதிலைக் கண்டுபிடித்தேன். அப்பாவுக்கு இரண்டு சம்சாரம். நான் மூத்தவள் மகள், அவன் இளையவள் மகன். கணக்குச் சரியாக வந்தது. எங்கள் பக்கத்தில் இரண்டு கட்டியவர்கள் இல்லாமலும் இல்லை. என் அப்பா அந்த ரகம் இல்லை. ஆனால் செத்துப்போனவர் வந்து மறுக்கவா போகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

இமிகிரேஷனில் உட்கார்ந்திருந்த இளைஞர் விரல் ரேகை எடுத்தார். எதற்காக வந்தாய் என்று கேட்டிருப்பார். நான் ஒன்றும் சொல்லாமல் ஃபைல் முழுவதையும் அவர் முன்னால் கொட்டினேன். கேட்டால் மட்டும் கொடு என்று தம்பி சொன்னது அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வந்தது? அவர் கடிதத்தைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. ஏசி குளிரிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். தமிழில் பேசினார். தமிழைக் கேட்டதும் ஆறுதல் வரவேண்டும். எனக்கோ இன்னும் பயம் கூடிற்று, புரியவில்லை என்று இனி தப்பிக்க முடியாதே.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"தம்பிங்க. கல்யாணங்க. எங்க அப்பாவுக்கு ரெண்டு சம்சாரங்க. நான் மூத்தவ மவளுங்க, அவன் எளையவ மவனுங்க."

அவர் கேட்டது யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று. நான் சொன்னது அப்பாவின் சம்சாரங்களை. அவர் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் அங்கே அச்சடித்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியின் நகலிலும் அதே பக்கம் இருந்தது. இரண்டிலும் அம்மாவின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே பேருதானே இருக்கு?"

அவர் கடிதத்தில் இருந்த தம்பியின் நம்பருக்கு, நானும் கேட்கும்படி போன் போட்டார். அவன் வெளியே பூவோடு காத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இங்கே ஒரு அம்மா உங்க அக்கான்னு சொல்றாங்க. அவங்க உங்களுக்கு எப்படி உறவு?"

பிறகு தம்பி குரல் வந்தது. "பெரியம்மா பொண்ணுங்க. எங்கம்மாவோட அக்கா பொண்ணு."

அவனும் பொய் சொல்கிறான். அந்தக் குரலை எனக்குத் தெரியும்; சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றபோது வந்த அதே குரல். பிறகு காரில் போகும்போது கேட்டேன். கல்யாணத்துக்குக் காகிதம் தயார் செய்தபோதே இரண்டு தேதியையும் பார்த்துவிட்டானாம். சொன்னால் நான் பயந்து வராமல் போய்விடுவேன் என்று சொல்லவில்லையாம். யாராவது கேட்டால் பெரியம்மா மகள் என்று சொல்லிவிடலாம் என்று அவனும் தனியாக முடிவு செய்திருக்கிறான். ஒரே வளர்ப்பு, வேறு எப்படி இருக்கும்!

அதிகாரி போனை வைத்தார். "நீங்க சின்னம்மான்றீங்க, அவர் பெரியம்மான்றாரு, பாஸ்போர்ட்ல ஒரே அம்மா. எதை நம்பறது?"

என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். நாளைக் காலை அவன் பக்கத்தில் யாரும் இல்லாமல் மணையில் உட்காருவான், பெண் வீட்டில் யாரோ பாவம் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னேன், ஹெட்மாஸ்டரையும் ஜனவரியையும் ஜூனையும்.

"எல்லாரும் எழுதினபடிதான் பிறந்தேன்னு சொல்வாங்க. நீங்க நாலு வயசு மூத்தவங்கன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"அவன் பொறக்கும்போது நான் இருந்தேங்க. அம்மாவுக்கு வலி வந்திச்சி. அப்போ எங்க ஊருக்கு ரோடு கெடையாது. டோலி கட்டி நாலு பேரு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனாங்க. நான் பின்னாடியே நடந்தேன். பாதி வழியில ஒரு சத்தம் கேட்டுச்சி, பூனன்னு நெனச்சேன். இவன்தான். எங்கப்பா துண்டுல சுத்தி எடுத்துக்கினு, இனிமே ஆஸ்பத்திரி எதுக்குன்னு அப்பிடியே வூட்டுக்குத் திரும்பிட்டாங்க. அதனாலதாங்க அவனுக்கு சர்டிபிகேட்டு இல்ல."

அவர் மறுபடி போன் போட்டார். இந்த முறை உறவைக் கேட்கவில்லை. "நீங்க எங்கே பிறந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி திணறினான். ஊர் பெயரைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொன்னால் கெட்டது, நான் சொன்னதோடு ஒட்டாது.

"வழியிலங்க," என்றான். "டோலியில. ஆஸ்பத்திரி போய் சேரல, பாதியிலயே திருப்பிட்டாங்களாம். மேடம், அவங்க என் சொந்த அக்காதான். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். அனுப்பிச்சிடாதீங்க மேடம்."

அதிகாரி என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. சிரிக்கவும் இல்லை. எழுந்து போனார். நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டு பேரைத் திரும்பிப் போகும் விமானத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதில் ஒருவர் அழவில்லை, அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவர் முத்திரை குத்திய பாஸ்போர்ட்டோடு வந்தார். "ஊருக்குப் போய்த் தேதியைச் சரி பண்ணுங்க. அடுத்த தடவை எல்லாரும் கேட்டுட்டிருக்க மாட்டாங்க," என்றார். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

தம்பி என்னைப் பார்த்ததும் பூவைக் கீழே போட்டுவிட்டு வந்து பிடித்துக்கொண்டான். காரில், நான் உள்ளே என்ன சொன்னேன் என்று கேட்டான். சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கியது. அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் நின்று, பெற்றவளை இல்லையென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் கோயிலில் கல்யாணம். பெண் வீட்டார் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். நான் தம்பிக்குப் பின்னால் பட்டுப்புடவையில் விறைத்துப்போய் நின்றேன். யாராவது வந்து பாஸ்போர்ட் கேட்பார்களோ என்று அங்கேயும் பயம். தாலியை எல்லோரும் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பெண்ணுக்கு உறவான ஓர் அம்மா என் பக்கத்தில் வந்தார். முகத்தில் நல்ல சிரிப்பு.

"மாப்பிள்ளைக்கு நீங்க கூடப் பிறந்த அக்காவாம்மா? இல்ல, முறைக்கு அக்காவா?"

மணையில் இருந்த தம்பிக்கும் காதில் விழுந்துவிட்டது, திரும்பினான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"கூடப் பொறந்தவம்மா," என்றேன். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஒரே வயித்துப் புள்ளைங்க நாங்க. நான் நாலு வருசம் மூத்தவ. எங்கப்பாவுக்கு எங்கம்மா ஒருத்திதான். எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேருதான்."

அந்த அம்மா இவ்வளவையும் கேட்கவில்லை. ஓ அப்படியா என்று சொல்லிவிட்டு அட்சதை வாங்கப் போய்விட்டார். தம்பி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் அவனை முன்னால் திரும்பச் சொன்னார், மேளம் கொட்டியது, அவன் முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்து மிச்சம் இரண்டையும் போட்டேன். போடும்போது கண்ணில் தண்ணீர் மறைத்தது. ஆனால் புறப்பட்ட நாளிலிருந்து கூடவே வந்த பயம் அப்போது இல்லை.